நொச்சி

மதிலை வளைத்துக்கொண்ட பகைவரை எதிர்த்து உள்ளிருந்து காக்கும் செயலுக்குப் பழந்தமிழர் இட்ட பெயர் நொச்சி என்பது. அது சினத்தையோ படைக்கலத்தையோ குறித்த சொல் அன்று; ஒரு செடியின் பெயர். ஆரோவில் தொடங்கி மரக்காணத்து உப்பளங்கள் வரை பரந்த கடற்கரை நாட்டில் நொச்சியை அறியாதார் அரியர். அது வேலியாய் நிற்கும். அதன் இலை சளிக்கு ஆவி பிடிக்க உதவும். தானியத்தோடு இட்டு வைத்தால் பூச்சியை விலக்கும்.

மரக்காணமே சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் என்பர் ஆராய்ச்சியாளர் பலர். எயில் என்பது மதில். மதிலாற் பெயர்பெற்ற ஊரின் அருகே மதில்காப்போர் மலர் இன்றும் பூத்து நிற்றல் பொருத்தமே அன்றோ!

செடியின் பெயர் போருக்கு ஆயது எவ்வாறு? மதில் காக்கும் வீரர் நொச்சிப் பூவைச் சூடினர். பூவின் பெயர் அதனைச் சூடிச் செய்யும் செயலுக்கும் ஆகிவந்தது. ஆநிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை. மண்ணாசையால் மேற்செல்லுதல் வஞ்சி, எதிரூன்றல் காஞ்சி. மதிலை முற்றுதல் உழிஞை, காத்தல் நொச்சி. தொல்காப்பியர் முற்றுதலையும் காத்தலையும் உழிஞை என்னும் ஒரே திணையுள் அடக்கினார். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலையோ நொச்சியைத் தனித் திணையாக்கியது.

இரு திறத்தாரும் வாளேந்திக் கொல்கின்றனர். பெயர் மட்டும் வேறாவது ஏன் என்று சிலர் வினவலாம். செயல் ஒன்றுபோல் தோன்றினும் நோக்கம் ஒன்றன்று. கவர்வோன் பிறர் பொருளை விழைகிறான். காப்போன் தன் மனையையும் மக்களையும் நினைக்கிறான். இவ்விருவரையும் ஒரே சொல்லால் அழைத்தால் அறமும் மறமும் மயங்கிவிடும். ஆதலின் பெயரைப் பிரித்தது வீண் வகுப்பு அன்று, நடுவுநிலையான தீர்ப்பேயாகும்.

ஆனால், நொச்சிக்கு எல்லை உண்டு. மதில் வரையில் நின்று காப்பதே நொச்சி. பகைவன் ஓடிய பின்னும் அவன் நாட்டைப் பற்றச் செல்பவன் வஞ்சி சூடியவனே ஆவான். உலக வரலாற்றில் பிறர்நாடு புகுந்தோர் பலர் தம் செயலைத் தற்காப்பு என்றே கூறினர். அவர் சொல்லை ஆராய இம்மலர் ஒன்றே போதும்: அவர் நின்றது எம்மதிலின் மேல்?

புறநானூற்றில் மோசிசாத்தனார் நொச்சியை மரங்களுள் அன்பிற்குரியதாகப் போற்றுகிறார். மகளிர் இடையில் தழையாக அணிவதும், மதில்காக்கும் வீரன் தலையிற் சூடுவதும் அதுவே என்பது அவர் கருத்து. வீட்டின் அன்பும் களத்தின் வீரமும் ஒரே கிளையில் தழைத்தன. அன்பைக் காக்க எழுந்த எதிர்ப்பே எதிர்ப்பு, ஏனையது பகை.