அலையாத்தி நடுகிற கைக்குப் பட்டா எங்கே?



2004 டிசம்பர் 26 காலையில் மணக்குடிப் பாலத்தைக் கடல் தூக்கிப் போட்டது. குமரி மாவட்டத்தில் மட்டும் சுமார் 800 பேர் செத்தார்கள். அதற்கப்புறம்தான் அலையாத்தியின் அருமை அதிகாரிகளுக்குத் தெரிந்தது. பழையாறு கடலில் சேருகிற மணக்குடியில் கன்றுகள் நட்டார்கள். 2022இல் சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கு ராம்சார் தகுதி கிடைத்தது. 2023 பட்ஜெட்டில் 2,000 கோடி ரூபாயில் 'நெய்தல் மீட்சி இயக்கம்' அறிவிக்கப்பட்டது.

நல்ல காரியம்தான், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கடல் மட்டம் ஏறுகிறது. அரபிக்கடல் சூடாகிப் புயல்கள் வலுக்கின்றன. 2017 ஒக்கியில் எத்தனை வீட்டில் விளக்கணைந்தது என்று தூத்தூர்ப் பக்கம் போய்க் கேளுங்கள்.

நம்ம கரையில் அலையாத்தி ஆற்று முகத்துவாரங்களில்தான் வளரும். மற்ற இடத்தில் மணல்மேடுதான் அரண். அடம்பும் இராவணன் மீசையும் தாழையும் அந்த மணலைப் பிடித்து வைக்கின்றன. அதை விட்டுவிட்டுக் கருங்கல்லைக் கொட்டினால், அலை பக்கத்து ஊரை அரிக்கும். அப்புறம் அந்த ஊரும் கல் கேட்கும். கல்லுக்காக மலையை உடைப்பார்கள். இது போதாதென்று கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் அள்ள மத்திய அரசு நிறுவனம் திட்டம் போட்டிருக்கிறது. அதற்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தை 2024இல் மக்கள் எதிர்த்த பிறகுதான் தள்ளி வைத்தார்கள். ஒரு கை நடுகிறது, ஒரு கை தோண்டுகிறது. இதற்குப் பேர் மீட்சியாம்!

இதையெல்லாம் சுற்றுச்சூழல்காரர்களும் பேசுகிறார்கள். அவர்கள் பேசாத ஒன்று இருக்கிறது. மீட்கப்போகிற நிலம் பெரும்பாலும் புறம்போக்கு. ஆற்றங்கரை, குளத்தங்கரை, கால்வாய்க்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பது யார்? நாஞ்சில் நாட்டு வயலில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டவர்கள். வயல் தென்னந்தோப்பும் பிளாட்டுமாக மாறியபோது நிலக்காரனுக்குப் பணம் வந்தது. நட்ட கைக்கு வேலை போச்சு. நமக்கு இங்கே பஞ்சமி நிலம்கூடக் கிடையாது. 1892இல் அதைக் கொடுத்தது சென்னை மாகாணம். நாம் அப்போது திருவிதாங்கூர் ராஜாவின் குடிகள்.

சென்னையில் என்ன நடந்தது? கூவத்தைச் சீரமைக்கிறோம், அடையாற்றைச் சீரமைக்கிறோம் என்றார்கள். கரையோரச் சனத்தைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் வாரிக்கொண்டு போய்க் கொட்டினார்கள். ஆறு சுத்தமானதா? பழையாற்றுக்கும் நாளைக்கு இதே நியாயம் பேச மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? நாகர்கோவில் சாக்கடையை ஆற்றில் விடுகிறவனுக்கு நோட்டீஸ் வராது, குடிசைக்கு வரும்.

நிவாரணக் கணக்கும் இப்படித்தான். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் படகையும் வலையையும் எண்ணினார்கள். மீன் சுமந்தவரும் உப்பளத்தில் வாரியவரும் அந்தக் கணக்கில் விழவில்லை. முகாமிலும் தண்ணீர்த் தொட்டியிலும் தலித் மக்களை ஒதுக்கியது பதிவாகியிருக்கிறது. இதைச் சொல்வது மீனவரோடு மோதுவதற்கில்லை. அவர்களுக்கும் கரை பறிபோகிறது. சேர்ந்து நிற்க வேண்டுமானால் இந்தச் சாதிக் கணக்கையும் பேசித்தான் ஆக வேண்டும்.

நாம் கேட்பது இவ்வளவுதான். கன்று நடுமுன் கரையில் குடியிருப்பவர்களைக் கணக்கெடு. அங்கேயே பட்டா கொடு. முடியாதென்றால் நடந்து வேலைக்குப் போகிற தூரத்தில் மனை கொடு. நடுகிற, பராமரிக்கிற வேலையைக் காண்டிராக்டரிடம் விடாதே. நிலமற்ற கூலிப் பெண்களுக்குச் சட்டக் கூலியோடு கொடு. கிராமக் குழுவில் சேரியின் ஆளை உட்கார வை, பெயருக்கல்ல. மணல்மேட்டைத் தோண்டும் திட்டங்களைக் கைவிடு.

மாணவத் தோழர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். இந்த விடுமுறையில் பழையாற்றங்கரையில் நடங்கள். பட்டா இல்லாத வீடுகளை எண்ணி எழுதி வாருங்கள். அரசாங்கம் எண்ணுவதற்குள் நம்மிடம் கணக்கு இருக்கட்டும்.