அடித்தளத்து மீனும் நம் கடமையும்



நம் பள்ளியின் அறிவியல் மூலையில் உள்ள மீன் தொட்டியை அறியாதார் இலர். இரண்டடி நீளமுள்ள அக்கண்ணாடித் தொட்டியின் மேல்நீரில் வண்ணக் கப்பி மீன்கள் துள்ளித் திரிகின்றன. அடியில், மணலை மோந்தவாறு ஆறு சிறு கெளுத்திகள் உலவுகின்றன. காண வருவோரின் கண்கள் மேலே உள்ள மீன்களிலேயே நின்றுவிடுகின்றன. ஆகவே, கீழே வாழும் மீன்களைப் பற்றி இவ்வாண்டு மலரில் நம் கருத்தைக் கூற விழைகிறோம்.

இம்மீனுக்குக் கோரிடோராஸ் என்று பெயர். இதன் தாயகம் தென் அமெரிக்கா. நாம் ஓடையில் பிடிக்கும் கெளுத்திக்கு இது தூரத்து உறவு. ஆயினும் பெரும்பாலும் மூன்று அங்குலத்திற்கு மேல் வளராது. உடலின் இருபுறமும் எலும்புத் தகடுகள் இரண்டு வரிசையாகக் கவசம்போல் அமைந்துள்ளன. வாயருகே மென்மையான மீசைகள் உண்டு. மணலில் புதைந்த உணவை அவற்றால் தொட்டும் சுவைத்தும் இம்மீன் கண்டறிகிறது. அறிஞர் சார்லஸ் டார்வின் பீகிள் கப்பற் பயணத்தில் சேகரித்த மீன்களுள் இவ்வினத்தைச் சேர்ந்த ஒன்றும் இருந்தது. அது 1842ஆம் ஆண்டு வெளிவந்த நூலில் விவரிக்கப்பட்டது.

இத்தகைய மீனைப் பலரும் 'அழுக்குத் தின்னி' என்றே கருதுகின்றனர். இதனை வாங்கி விட்டால் தொட்டியைக் கழுவும் வேலை மிச்சம் என்று எண்ணுகின்றனர். நாமும் அவ்வாறே எண்ணினோம் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறோம். அழகுக்காகக் கூர்மையான வண்ணக் கற்களைத் தொட்டியில் பரப்பினோம். மிதக்கும் தீனியை மட்டும் தூவினோம். அதைக் கப்பிகளே தின்று தீர்த்தன. மூன்று மாதங்கள் சென்றபின், நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி ஓடி வந்து, "ஐயா, கெளுத்திக்கு மீசையைக் காணோம்!" என்றாள். சென்று பார்த்தபோது அவள் சொன்னது உண்மையாக இருந்தது. அவ்வாரத்திலேயே இரண்டு மீன்கள் மாண்டன.

காரணம் யாது? கற்களின் இடுக்கில் எஞ்சிய தீனியும் மீன்களின் கழிவும் தங்கி அழுகின. அங்கே நோய்க்கிருமிகள் பெருகின. கூரிய கற்களும் மீசையை உராய்ந்தன. அழுக்கைத் தின்னும் என்று நாம் நம்பிய மீன், அழுக்காலேயே நோயுற்றது. குற்றம் நம்முடையதே.

மதிப்பெண் அறிக்கை வழங்கிய நாளன்று, தோட்டத்தில் கால்வாய் துப்புரவு செய்யும் தந்தையொருவர் தொட்டியருகே நின்றார். நாம் நடந்ததைக் கூறினோம். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அழுக்கை அள்ளுறவன் அழுக்குலயா ஐயா குடியிருப்பான்?" என்று கேட்டார். நமக்கு மறுமொழி தோன்றவில்லை. மறுவாரம் அவரே ஒரு வாளி நிறைய நைசான ஆற்று மணலைக் கொணர்ந்து கொடுத்தார்.

அதன்பின் நாம் கைக்கொண்ட முறைகளை, வீட்டில் மீன் வளர்ப்போருக்கும் பயன்படும் என்பதால் இங்குக் கூறுகிறோம். மணல் மெல்லியதாகவும் கூர்மையற்றதாகவும் இருத்தல் வேண்டும். அதில் சில துளி வினிகரை விட்டுப் பாருங்கள். நுரை பொங்கினால் சுண்ணாம்போ கிளிஞ்சலோ கலந்துள்ளது என்று அறிந்து தவிர்த்துவிடுங்கள். நல்ல மணலை, கழுவிய நீர் தெளியும் வரை பலமுறை அலசி, இரண்டு அங்குல உயரத்திற்கு மிகாமல் பரப்புங்கள். வாரம் ஒருமுறை மேல்மணலை மெல்லக் கிளறி, தங்கிய அழுக்கைக் குழாயால் உறிஞ்சி எடுங்கள்.

வாரந்தோறும் நீரில் நான்கில் ஒரு பங்கை மாற்றுங்கள். குழாய் நீரில் உள்ள குளோரின் மீனுக்கு நஞ்சு. எனவே குளோரின் நீக்கும் மருந்தை அளவறிந்து கலந்தபின்னரே ஊற்றுங்கள். வடிகட்டும் பஞ்சைக் குழாய் நீரில் கழுவாதீர்கள். கழிவின் நஞ்சை முறிக்கும் நல்ல கிருமிகள் அதில் வாழ்கின்றன. தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதனை அலசுங்கள். புதுத் தொட்டியில் அக்கிருமிகள் பெருக ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அவசரப்பட்டு மீன்களை நிரப்பாதீர்கள்.

நீரின் வெப்பம் 25 பாகை செல்சியஸ் அளவில் இருப்பது நன்று. ஆகவே தொட்டியை வெயில் படாத இடத்தில் வையுங்கள். இம்மீன்கள் கூட்டமாக வாழ்பவை. ஆறுக்குக் குறையாமல் வளர்த்தல் வேண்டும். அமிழும் தீனியை மாலையில் இடுங்கள். இவை இடையிடையே மேலே வந்து காற்றை விழுங்குவது இயல்பு. ஓயாமல் வந்தால் நீர் கெட்டுவிட்டது என்று அறிக. தோட்டத்தில் கொசுப்புகை அடிக்கும்போது தொட்டியை மூடிக் காற்றுப் பம்பை நிறுத்துங்கள். பூச்சிமருந்து மீனுக்குக் கொடிய நஞ்சு.

வளர்க்க இயலாத மீனை ஆற்றில் விடுவதும் தவறு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த மற்றொரு கெளுத்தியை மலாய் மொழியில் 'ஈக்கான் பண்டாராயா', அதாவது மாநகராட்சி மீன், என்பர். தொட்டியைத் துப்புரவாக்கும் என்று நம்பி வாங்கப்பட்ட அம்மீன், இன்று கிள்ளான் ஆறு போன்ற நம் ஆறுகளில் பெருகித் தொல்லை தருகிறது. மீன் செய்யும் என்று நாம் ஒதுக்கிய வேலை, இறுதியில் நமக்கே பெரிய வேலையாகத் திரும்பியது.

இனி நம் கருத்துக்கு வருகிறோம். முன்பு, தாமதமாக வந்த மாணவர்க்குத் தொட்டி கழுவும் வேலையைத் தண்டனையாகக் கொடுத்து வந்தோம். துப்புரவு இழிவானது என்னும் பாடத்தை அறியாமலேயே கற்பித்துவிட்டோம். அத்தந்தையின் கேள்விக்குப் பின் அவ்வழக்கத்தை நிறுத்தினோம். இப்பொழுது எல்லா வகுப்பினருக்கும் முறை உண்டு. ஆசிரியர்க்கும் உண்டு. தலைமையாசிரியரின் முறை மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை.

எஞ்சிய நான்கு மீன்களின் மீசை சிறிது சிறிதாக மீண்டும் வளர்ந்தது. பின்னர் இரண்டைச் சேர்த்து ஆறாக்கினோம். பெற்றோர்களே, வீட்டிலும் பெருக்குவதையும் கழுவுவதையும் பிள்ளைகளுக்குத் தண்டனையாக்காதீர்கள். கூட நின்று செய்யுங்கள். மாணவர்களே, தொட்டியருகே வரும்போது ஒருமுறை குனிந்து கீழேயும் பாருங்கள்.



தலைமையாசிரியர்