நார்ச்சத்துதான் இனிக்கிறதா?

"இது சர்க்கரையே இல்லைங்க, செடியோட வேரிலிருந்து எடுத்த நார்ச்சத்து. இனிக்கும், ஆனா ரத்தத்துல சர்க்கரை ஏறாது. எடை போடாது. வயித்துக்கும் நல்லது. எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்." விழுப்புரம் கடைவீதியில் 'டயாபடிக் ஸ்வீட்' என்று தனித் தட்டு வைத்திருக்கும் கடையிலும், திண்டிவனத்து மருந்துக்கடையில் பிஸ்கட் டப்பா அடுக்கிய மேசையிலும், கைபேசியில் வந்து விழும் காணொளிகளிலும் இன்று இந்தப் பேச்சுத்தான் ஓடுகிறது. கேட்க ஆள் இருக்கிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொல்கிறது. இனிப்பை விடவும் முடியாமல் தொடவும் முடியாமல் தவிப்பவருக்கு இதைவிட ஆறுதலான செய்தி எது?

அந்தப் பேச்சில் பாதி உண்மை. அதனால்தான் மீதிப் பாதியைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பொருள் என்னவென்று பார்ப்போம். இனுலின் என்பது பழச்சர்க்கரையான ஃப்ரக்டோஸ் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்ட ஒரு மாவுச்சத்து. 1804இல் வாலண்டின் ரோஸ் என்ற ஜெர்மானியர் ஒரு மூலிகை வேரிலிருந்து இதைப் பிரித்தார். சங்கிலி நீளமாக இருந்தால் இனுலின். குட்டையாக இருந்தால் ஃப்ரக்டோஒலிகோசாக்கரைடு, சுருக்கமாக எஃப்.ஓ.எஸ். இந்தச் சங்கிலியை அறுக்கும் நொதி மனிதச் சிறுகுடலில் கிடையாது. அதனால் இது அப்படியே பெருங்குடலுக்குப் போய் அங்கிருக்கும் பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. இப்படி நல்ல பாக்டீரியாவை வளர்க்கும் உணவுக்கு 'ப்ரீபயாடிக்' என்ற பெயரை 1995இல் கிப்ஸன், ராபர்ஃப்ராய்டு என்ற இரு ஆய்வாளர்கள் வைத்தார்கள். இதுவரை சண்டையில்லை.

சண்டை 'இனிக்கும்' என்ற இடத்தில் தொடங்குகிறது. சாதாரண இனுலின் தூளின் இனிப்பு, சர்க்கரையின் இனிப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. எஃப்.ஓ.எஸ். சற்று மேல், மூன்றில் ஒரு பங்கு. காபியில் இரண்டு ஸ்பூன், அதாவது 10 கிராம் சர்க்கரை போடுகிறவர், அதே இனிப்பை எஃப்.ஓ.எஸ். மட்டும் கொண்டு பெற வேண்டுமானால் 30 கிராம் கொட்ட வேண்டும். 10 கிராம் சர்க்கரைக்கு 40 கலோரி. இந்த நாருக்கு கிராமுக்கு ஒன்றரை முதல் இரண்டு கலோரி என்று கணக்கிடுகிறார்கள், ஏனென்றால் குடல் பாக்டீரியா அதை நொதிக்க வைக்கும்போது உருவாகும் கொழுப்பு அமிலங்களை உடம்பு எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் 30 கிராமுக்கு 45 முதல் 60 கலோரி. சர்க்கரையைவிட அதிகம்! 'கலோரி குறைந்த இனிப்பு' என்ற விளம்பரம் இந்தச் சின்னக் கூட்டல் கணக்கிலேயே விழுந்துவிடுகிறது. இனுலினில் இதே கணக்கைப் போட்டால் டம்ளருக்கு 100 கிராம் வரும், காபி கூழாகிவிடும்.

ஆனாலும் அந்த டப்பாவில் உள்ள தூள் நன்றாகவே இனிக்கிறதே? இனிக்கும். அதற்குக் காரணம் கூடவே இருக்கும் வேறொன்று. ஸ்டீவியாச் சாறு, சுக்ரலோஸ், மால்டிடால் என்று ஏதாவது ஒன்று பொடி எழுத்தில் இருக்கும். சர்க்கரையைப் போல பல நூறு மடங்கு இனிக்கும் ஸ்டீவியாவைச் சிட்டிகையாக அளந்து போட முடியாது என்பதால், அளவைக் கூட்டிக் காட்ட நாரைச் சேர்க்கிறார்கள். விற்பது நாரின் பெயரில், இனிப்பது வேறொன்றின் தயவில். அப்படிக் கூட்டிக் காட்டச் சில கம்பெனிகள் நாருக்குப் பதிலாக மால்டோடெக்ஸ்ட்ரினைப் போடுகின்றன. அது நார் இல்லை. சர்க்கரைக்குச் சளைக்காமல் ரத்தத்தில் குளுக்கோஸை ஏற்றும் மாவுச்சத்து. மால்டிடாலும் ஓரளவு ஏற்றும். உடல் எடையைக் குறைக்க சுக்ரலோஸ் போன்ற மாற்று இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவுறுத்தியது. ஸ்டீவியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அடுத்தது, 'செடியிலிருந்து வந்தது' என்ற வாதம். விழுப்புரம் மாவட்டத்துக்காரரிடம் போய் இதைச் சொல்வது வேடிக்கை. முண்டியம்பாக்கத்திலும் பெரியசெவலையிலும் ஆலைகளுக்கு முன்னால் வரிசைகட்டி நிற்கும் டிராக்டர்களில் இருப்பது என்ன, செடி இல்லையா? வெள்ளைச் சர்க்கரையும் நூற்றுக்கு நூறு தாவரம்தான். இன்னொரு சேதி: சந்தையில் உள்ள எஃப்.ஓ.எஸ்.ஸில் ஒரு பகுதி எந்த வேரிலிருந்தும் வந்ததில்லை. சர்க்கரைப் பாகில் பூஞ்சைக் காளானின் நொதியை விட்டு, சர்க்கரை மூலக்கூறோடு ஃப்ரக்டோஸை ஒட்டவைத்துத் தயாரிப்பது. ஜப்பானில் 1980களிலேயே இது தொழிலாகிவிட்டது. அந்த நொதி சர்க்கரை முழுவதையும் மாற்றிவிடாது. பாதிக்குச் சற்று மேல்தான் எஃப்.ஓ.எஸ்., மிச்சம் குளுக்கோஸும் மாறாத சர்க்கரையும். பிரித்தெடுத்துச் சுத்தம் செய்தால் நல்ல சரக்கு. செய்யாமல் பாகாகவே விற்றால், வாங்குகிறவர் கையில் கிடைப்பது கணிசமான பங்கு சர்க்கரை.

அகவே பாகு என்று ஒன்றும் விலை கூடிய கடைகளுக்கு வந்திருக்கிறது. நம் ஊரில் ரயில் பாதையோரம் நிற்கும் ரயில் கற்றாழையின் மெக்ஸிகோ உறவு அது. அந்தக் கற்றாழையின் அடித்தண்டில் இருப்பது இனுலின் இனத்து நார்தான், சந்தேகமில்லை. ஆனால் பாகு காய்ச்சும்போதே அந்தச் சங்கிலியை உடைத்து ஃப்ரக்டோஸாக்கிவிடுகிறார்கள். அதனால்தான் அது அப்படி இனிக்கிறது. நார் செடியோடு போயிற்று, பேர் மட்டும் பாட்டிலில் நிற்கிறது.

இனி நம் காபிக்கு வருவோம். திண்டிவனம் தாண்டி விழுப்புரம் வரும்வரை நெடுஞ்சாலையின் இரு பக்கமும் 'கும்பகோணம் டிகிரி காபி' பலகைகள். பித்தளை டவரா டம்ளர். அந்தக் காபித்தூளில் பெரும்பாலும் சிக்கரி இருக்கும். சட்டப்படி கலப்புத் தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, சிக்கரி 49 வரை போகலாம். உலகின் இனுலின் தொழிற்சாலைகளுக்கு முக்கிய மூலப்பொருளும் இதே சிக்கரி வேர். ஆகவே 'சிக்கரி காபி குடித்தாலே ப்ரீபயாடிக் கிடைத்துவிடும்' என்ற பேச்சு பிறந்துவிட்டது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் விளைந்து வரும் அந்த வேரைக் கருக வறுத்த பிறகே தூளாக்குகிறார்கள். வறுபடும் சூட்டில் இனுலின் சங்கிலி அறுந்து கருகுவதால்தான் அந்தப் பழுப்பு நிறமும் கருகிய சர்க்கரை வாசமும் வருகின்றன. நிறத்தைக் கொடுத்தது எதுவோ, அதுவே அழிந்துதான் கொடுத்தது. ஒன்றும் அழியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு டம்ளருக்கு 10 கிராம் தூள், அதில் 3 கிராம் சிக்கரி என்றால், நார் 2 கிராமைத் தாண்டாது. சிக்கரி இனுலின் மலச்சிக்கலுக்கு உதவும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் ஒப்புக்கொண்டது, நாளுக்கு 12 கிராம் என்ற அளவுக்கு. அதைக் காபியில் எட்ட ஆறு டம்ளராவது வேண்டும். ஆறு டம்ளருக்கு ஸ்பூன் கணக்கில் போகும் சர்க்கரை 60 கிராம்! காபியைக் காபிக்காகக் குடியுங்கள்.

பனை வெல்லம் பற்றிப் பேசாமல் இந்த மாவட்டத்தில் இனிப்பு பற்றி எழுத முடியாது. விக்கிரவாண்டிப் பக்கம் பூரிகுடிசை, நரசிங்கனூர் போன்ற ஊர்களில் இன்றும் பனையேறிகள் மரம் ஏறுகிறார்கள். மரத்தை வெட்டி செங்கல் சூளைக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் பனையை விடாமல் பிடித்திருப்பவர்கள் அவர்கள். அவர்கள் சரக்கு விற்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஆனால் 'பனை வெல்லத்தில் இனுலின் இருக்கிறது, சர்க்கரை நோயாளி தாராளமாகச் சாப்பிடலாம்' என்று சொல்லி விற்பவர்கள் பெரும்பாலும் பனையேறிகள் அல்லர். நகரத்தில் அழகான டப்பாவில் அடைப்பவர்கள். இந்தப் பேச்சுக்கு மூலம் தென்னஞ்சர்க்கரை. பிலிப்பைன்ஸின் அரசு உணவு ஆய்வு நிறுவனம், தென்னம்பாளைச் சாற்றில் காய்ச்சிய சர்க்கரையில் கொஞ்சம் இனுலின் இருப்பதாகவும், ரத்தச் சர்க்கரையை ஏற்றும் வேகத்தைக் காட்டும் அதன் கிளைசீமிக் குறியீடு 35தான் என்றும் சொன்னது. தென்னையின் சான்றிதழைப் பனைக்கு ஒட்டிவிட்டார்கள். பதநீரைக் காய்ச்சி வரும் வெல்லத்தில் பெரும்பங்கு சுக்ரோஸ், கரும்பில் இருக்கும் அதே சர்க்கரை. இரும்பும் பிற தாதுக்களும் சிறிதளவு கூடுதல், மணம் பல மடங்கு உயர்வு. நல்ல வெல்லத்துக்கு அது போதாதா? மருந்து என்று பொய் சொல்லி விற்ற பொருளை, பொய் வெளிப்பட்ட நாளில் ஜனங்கள் மொத்தமாகக் கைவிடுவார்கள். அன்று நட்டம் மரத்தில் இருப்பவருக்கு, டப்பாக்காரருக்கு இல்லை. பனையிலிருந்து நார்தான் வேண்டுமென்றால், தை மாதம் சந்தைக்கு வரும் பனங்கிழங்கை அவித்துத் தின்னலாம். பல்லிடுக்கில் சிக்குவதே சாட்சி.

'வயிற்றுக்கு நல்லது' என்பதை நான் மறுக்கவில்லை. அளவோடு எடுத்தால் நல்ல பாக்டீரியா பெருகுகிறது, மலச்சிக்கல் குறைகிறது. 'எவ்வளவு வேண்டுமானாலும்' என்பதைத்தான் மறுக்கிறேன். பாக்டீரியா நொதிக்க வைக்கும்போது வாயு வரும். பழக்கமில்லாத வயிறு ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து கிராம் எடுத்தால் உப்புசமும் இரைச்சலும் வரும், இன்னும் கூடினால் பேதியாகும். குடல் எரிச்சல் நோய் உள்ளவர்கள் இதை முடிந்தவரை தவிர்க்கும்படி உணவியலாளர்கள் சொல்கிறார்கள். நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனமும், உணவில் இயல்பாக உள்ள நாரைத்தான் கேட்கிறது. பூண்டில் நூற்றுக்கு 9 முதல் 16 கிராம், வெங்காயத்தில் 1 முதல் 7 கிராம் வரை இனுலின் உண்டு. கேழ்வரகுக் கூழுக்குக் கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயத்துக்கு விளம்பரதாரர் இல்லை, அவ்வளவுதான்.

கடைசியாக, 'ரத்தச் சர்க்கரை ஏறாது.' நார் ஏற்றாது, சரி. ஆனால் ஐரோப்பிய ஆணையம் இதற்குக் கொடுத்த அனுமதியின் நிபந்தனை கவனிக்கத் தக்கது: உணவில் இருந்த சர்க்கரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நாரை வைத்தால், உணவுக்குப் பின் சர்க்கரை ஏறுவது குறையும். எடுக்காமல் மேலே சேர்த்தால் அந்தப் பலனைக் கோர முடியாது. நம் ஊர் மல்லாட்டை (நிலக்கடலை) உருண்டையில் வெல்லத்தைக் குறைக்காமல் ஒரு ஸ்பூன் எஃப்.ஓ.எஸ். பாகு ஊற்றி 'ப்ரீபயாடிக் மிட்டாய்' என்று அச்சடித்தால், அது மல்லாட்டை உருண்டைதான். மைதாவும் அரிசி மாவும் நெய்யும் போட்ட லட்டிலும் இதே கதை. மாவு ஏற்றுகிற சர்க்கரையை நார் தடுத்து நிறுத்தாது.

வாங்குகிறவர்கள் டப்பாவின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். 'சர்க்கரை இல்லாதது' என்று போட இந்தியச் சட்டப்படி 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. 'நார்ச்சத்து மிக்கது' என்று போட 100 கிராமில் 6 கிராம் நார் இருக்க வேண்டும். சேர்மானப் பட்டியலில் மால்டோடெக்ஸ்ட்ரின் முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். மொத்த மாவுச்சத்து எவ்வளவு என்ற வரியையும் விடாதீர்கள். இந்த இனிப்பை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். சர்க்கரை ஆலை இருக்கும் அதே முண்டியம்பாக்கத்தில்தான் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. வீட்டுக்கே வந்து பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் நடக்கிறது. எந்தத் தூளுக்கு மாறினாலும், மாறிய பிறகு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு அந்தச் சீட்டோடு மருத்துவரைப் பாருங்கள்.