முதலெழுத்தை விட்டுவிடாதீர்கள்

நூலகத்தில் ‘வேலுப்பிள்ளை’ என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்துப் பாடல்கள், கல்வெட்டு ஆராய்ச்சி, யாழ்ப்பாணத்துப் பழைய வரலாறு என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத புத்தகங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். இத்தனையையும் ஒரே ஆள் எழுதினாரா என்று பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்த பிள்ளை மலைத்துப்போகும். எழுதியவர்கள் மூன்று பேர்.

குற்றம் பிள்ளையுடையது அல்ல. வெள்ளைக்காரன் வகுத்த பட்டியல் முறையில் பெயரின் கடைசிப் பகுதிதான் குடும்பப் பெயர். நம்மில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்றே கிடையாது. கடைசியில் நிற்பது நம்முடைய சொந்தப் பெயர். தகப்பன் ஒரேயொரு எழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்கிறார். அந்த எழுத்து போனால் ஆளும் போய்விடுகிறார்.

மலையகத்தில் ஒருவர் மட்டும் இதற்கு விலக்கு. வட்டகொடை மடகும்புறத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையை இங்கே யாரும் வேலுப்பிள்ளை என்று சொல்வதில்லை. ‘சி.வி.’ என்றால் போதும். 1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனவர். அடுத்த ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவரை அனுப்பிய மக்களையே நாடற்றவர்களாக்கியது. பிறகு அவர் எழுதியவற்றின் தலைப்புகளைப் பாருங்கள்: ‘வீடற்றவன்’, ‘இனிப்படமாட்டேன்’, ‘நாடற்றவர் கதை’. தலைப்புகளே ஒரு சமூகத்தின் மனுப்போல இருக்கின்றன. தோட்டத்து மனிதர்களை ஆங்கிலத்தில் வரைந்த ‘போர்ன் டு லேபர்’ 1970இல் வந்தது. ஆனாலும் அவருடைய பெரிய காரியம் என்று நான் நினைப்பது ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ தொகுப்பைத்தான். லயத்திலும் மலையிலும் வாய்மொழியாகவே புழங்கிய பாட்டுகள் அவை. எழுதி வைக்காவிட்டால் பாடிய கிழவிகளோடு போயிருக்கும்.

இன்னொரு வேலுப்பிள்ளை படித்தது பேராதனையில். பேராசிரியர் ஆ. வேலுப்பிள்ளை அங்கே மாணவராக இருந்து, ஒக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்து, திரும்பி வந்து அங்கேயே கற்பித்தவர். பின்னாளில் யாழ்ப்பாணம், சுவீடனின் உப்சாலா என்று போனவர். அவர் காதுகொடுத்தது பாட்டுக்கு அல்ல, கல்லுக்கு. ‘தமிழ் வரலாற்றிலக்கணம்’ 1966இலும், ‘தமிழ் இலக்கியத்தில் காலமும் கருத்தும்’ 1969இலும், ‘சாசனமும் தமிழும்’ 1971இலும் வந்தன. கண்டிக்காரர்களுக்கு இந்தக் கடைசிப் புத்தகத்தின் துறை அந்நியமல்ல. பேராதனையைத் தாண்டி இலங்காதிலக விகாரைக்குப் போனால், பாறையில் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் இருக்கிறது. போகிறவர்கள் பெரும்பாலும் படிக்கட்டையும் காட்சியையும் படம்பிடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள்.

மூன்றாமவர் இருவருக்கும் மூத்தவர்: வயாவிளானைச் சேர்ந்த ஆசுகவி கல்லடி க. வேலுப்பிள்ளை. ‘சுதேச நாட்டியம்’ என்ற பத்திரிகையை நடத்தியவர். 1918இல் ‘யாழ்ப்பாண வைபவ கௌமுதி’ எழுதியவர். இவருக்கு ஊர்க்காரர் ‘கல்லடி’ என்ற அடைமொழியை முன்னால் ஒட்டிவிட்டார்கள். அதனால் தப்பினார்.

உண்மையில் சிக்கலானது கணபதிப்பிள்ளை விவகாரம். இங்கே இருவரும் ஒரே காலத்தவர், இருவரும் தமிழறிஞர்கள், இருவரும் யாழ்ப்பாணத்தார். க. கணபதிப்பிள்ளை லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்று, பேராதனையில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்தவர். ‘நானாடகம்’, ‘இருநாடகம்’ என்று யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை மேடையில் ஏற்றியவர், ‘சங்கிலி’ எழுதியவர். சி. கணபதிப்பிள்ளையோ பண்டிதமணி. பழைய மரபில் ஊறியவர். ‘இலக்கிய வழி’யும் ‘கந்தபுராண கலாசார’மும் அவருடையவை. பேச்சுத் தமிழில் நாடகம் எழுதிய பேராசிரியரையும் கந்தபுராணத்துக்கு உரை சொன்ன பண்டிதரையும் ஒருவராக்குவது சின்னப் பிழையல்ல. பல்கலைக்கழகத் தமிழ், திண்ணைத் தமிழ் என்று ஈழத்தில் ஓடிய இரண்டு ஆறுகளை ஒன்றாக்கிவிடுகிற பிழை அது. ஒரு கட்டுரையில் ‘கணபதிப்பிள்ளை (1955)’ என்று மொட்டையாகக் கண்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எழுதியவருக்கும் எந்தக் கணபதிப்பிள்ளை என்று தெரிந்திருக்காது என்பது என் சந்தேகம்.

குடும்பப் பெயர் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்கவேண்டாம். இலங்கை வரலாற்று அலுமாரியில் ‘டி சில்வா’ தட்டைப் பாருங்கள். பிரித்தானியர் இலங்கையைப் பிடித்த காலத்தைப் பற்றி இரண்டு பாகம் எழுதியவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1972 குடியரசு யாப்பை ஆக்கிய இடதுசாரி அமைச்சரும் அவரேதான். 1981இல் ‘எ ஹிஸ்டரி ஒஃப் ஸ்ரீ லங்கா’ எழுதிய கே. எம். டி சில்வா பேராதனையில் பேராசிரியராக இருந்தவர். போர்த்துக்கேயர் காலத்தை ஆராய்ந்த சி. ஆர். டி சில்வாவும் பேராதனையில் கற்பித்தவர். சிங்களத்தில் பெயர்பெற்ற நாவலாசிரியர் டபிள்யூ. ஏ. சில்வா, அவருக்கு ‘டி’ இல்லை. ‘டி’யோடு டபிள்யூ. ஏ. டி சில்வா என்று இன்னொருவர் இருந்தார். அவர் அரசியல்வாதி, கொழும்பு நூதனசாலை ஏட்டுச் சுவடிகளுக்குப் பட்டியல் செய்தவர். ஒரு ‘டி’யில் ஆள் மாறிவிடுகிறார். ஆனால் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் முதலெழுத்தை மறப்பதில்லை. ‘டி சில்வா’ என்று வெறுமனே போட்டால் யார் என்று கேட்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். நாம்தான் கேட்பதில்லை.

இணையத்தில் தேடும் காலத்தில் இது இன்னும் மோசமாகியிருக்கிறது. ‘வேலுப்பிள்ளை’யை ஆங்கிலத்தில் ஒரு ‘பி’ போட்டு எழுதுகிறவர்களும் உண்டு, இரண்டு ‘பி’ போடுகிறவர்களும் உண்டு. ஒரே ஆளுடைய புத்தகங்கள் இரண்டு இடத்தில் கிடக்கின்றன. இரண்டு ஆட்களுடையவை ஓரிடத்தில் சேர்கின்றன.

ஆய்வுக் கட்டுரை எழுதும் பிள்ளைகளுக்கும், நூல் பதிப்பிப்பவர்களுக்கும், பாடசாலை நூலகத்தைப் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பட்டியலில் பெயரை எழுதும்போது முதலெழுத்தைப் போடுங்கள். முடிந்தால் ஊரையும் பிறந்த ஆண்டையும் சேருங்கள். உங்கள் வீட்டு அலுமாரியில் முதலெழுத்தில்லாத பழைய தமிழ்ப் புத்தகம் ஏதும் இருந்தால், எழுதியவர் யாரென்று தெரிந்த மூத்தவர்களிடம் இப்போதே கேட்டு முதற்பக்கத்தில் பென்சிலால் குறித்துவையுங்கள்.