காசு கொடுத்தவருக்கா தண்டனை?

2005 அக்டோபர் 31. விலை கொடுத்து வாங்கிய ஒரு பாட்டு சிடி தன் கணினிக்குள் ரகசிய மென்பொருள் ஒன்றைப் பதுக்கியிருப்பதை, அமெரிக்கக் கணினி வல்லுநர் மார்க் ருசினோவிச் ஆதாரத்தோடு வெளியிட்டார். சிடியை வெளியிட்டது சோனி பிஎம்ஜி இசை நிறுவனம். திருட்டுப் பிரதியைத் தடுக்க 'எக்ஸ்சிபி' என்ற மென்பொருளை 52 ஆல்பங்களில் அது சேர்த்திருந்தது.

அந்த மென்பொருள் தன்னை மறைத்துக்கொண்டதோடு நிற்கவில்லை. குறிப்பிட்ட எழுத்துகளில் பெயர் தொடங்கும் எந்தக் கோப்பையும் விண்டோஸின் கண்ணுக்குத் தெரியாமல் செய்தது. சில நாட்களிலேயே வைரஸ் எழுதுபவர்கள் அதே எழுத்துகளைச் சூட்டி, அந்த மறைவிடத்தைத் தங்களுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். மென்பொருளைக் கையால் நீக்க முயன்றால் சிடி டிரைவே வேலை செய்யாமல் போனது. அதை நீக்கவென்று நிறுவனம் தந்த கருவியோ கணினியில் புதிய ஓட்டையைத் திறந்துவிட்டது.

இணையத்தில் அதே பாட்டைத் திருட்டுத்தனமாக இறக்கியவருக்கு எக்ஸ்சிபியால் ஒரு தொல்லையும் இல்லை. மாட்டிக்கொண்டவர் நேர்மையாகக் காசு கொடுத்தவர்தான்.

இன்னொன்றும் வெளிவந்தது. எக்ஸ்சிபிக்குள்ளேயே 'லேம்' என்ற திறந்த மூல எம்பி3 மென்பொருளின் நிரல், அதன் உரிம நிபந்தனைகளை மதிக்காமல் சேர்க்கப்பட்டிருந்தது! பதிப்புரிமையைக் காக்க வந்த மென்பொருளே பிறர் உரிமையை மீறியிருந்தது.

இதனால் திருட்டுப் பிரதி நியாயமாகிவிடாது. 1976இல், 20 வயது பில் கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதத்தில், ஆல்டேர் கணினி வைத்திருப்பவர்களில் 10 சதவீதத்துக்கும் குறைவானவர்களே தன் நிறுவனத்தின் பேசிக் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கியதாகக் குமுறினார். அந்தக் குமுறல் நியாயமானது. உழைத்தவருக்குக் கூலி சேர வேண்டும். ஆனால் அந்தக் கூலியைக் காக்கிறோம் என்று வாங்கியவரின் கணினிக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் அத்துமீறல்தான்.

சோனி பிஎம்ஜி சிடிகளைத் திரும்பப் பெற்றது. கணினி பழுதானவர்களுக்கு 150 டாலர்வரை ஈடு தரவும் 2007இல் ஒப்புக்கொண்டது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் 65ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய டிஜிட்டல் பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறை. பூட்டுப் போடுபவர் வாங்கியவரின் கணினியில் எதைச் செய்யக் கூடாது என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. நாடாளுமன்றம் அதையும் சேர்க்க வேண்டும்.