புற்றுநோய் ஆய்வகத்துக்குள் யார்? ஒரு சட்டமும் அதன் அட்டவணையும்

2024 ஏப்ரல் 4 அன்று, மும்பை ஐ.ஐ.டி. வளாகத்தில், குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு நெக்ஸ்கார்19 என்னும் புற்றுநோய்ச் சிகிச்சையைத் தொடங்கி வைத்தார். நோயாளியின் குருதியிலிருந்து டி-செல்களைப் பிரித்தெடுத்து, புற்றணுக்களை அடையாளம் கண்டு தாக்கும்படி அவற்றின் மரபணுவை மாற்றி, மீண்டும் உடலுக்குள் செலுத்தும் முறை அது. அந்த வளாகத்தின் உயிரிப்பொறியியல் துறையும் டாடா நினைவு மையமும் இணைந்து உருவாக்கியவை. வெளிநாட்டில் ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குதான் என்றார்கள். அந்தப் பத்தில் ஒரு பங்கும் ஏறத்தாழ 40 லட்சம் ரூபாய்.

பழங்குடிப் பெண் ஒருவர் நாட்டின் முதல் குடிமகளாக நின்று அச்சிகிச்சையை மக்களுக்கு அளித்த காட்சி நமக்கும் பெருமை தந்தது. ஆயினும், இத்தகைய ஆய்வகங்களில் வெள்ளை அங்கி அணிந்து நிற்போரில் பட்டியலினத்தவர், பழங்குடியினர் எத்தனை பேர் என்னும் கேள்வியை நாம் படித்த எந்தச் செய்தியிலும் காணவில்லை.

நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு அளித்த விவரங்களே ஒரு விடை தருகின்றன. 2015 முதல் 2019 வரை ஐ.ஐ.டி.க்களில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்க்கப்பட்ட சுமார் 25,000 பேரில் பட்டியலினத்தவர் 9 விழுக்காட்டைச் சற்றே தாண்டினர். பழங்குடியினர் 2 விழுக்காட்டளவில் நின்றனர். சட்டம் வகுத்த அளவு 15 விழுக்காடும் 7.5 விழுக்காடும். இளம் அறிவியலாளர்களுக்கான இன்ஸ்பயர் ஆசிரியர் உதவித்தொகையை 2016க்கும் 2020க்கும் இடையே பெற்றோரில் பட்டியலினத்தவர் 6 விழுக்காடு, பழங்குடியினர் 1 விழுக்காட்டுக்கும் கீழ் என்று 2023இல் 'நேச்சர்' இதழ் எழுதியது. மேலே செல்லச் செல்ல எண்ணிக்கை கரைகிறது.

இக்கரைவுக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டுத் துறையையே அலகாகக் கொண்டு இடங்களைக் கணக்கிடும் முறைக்கு எதிராக நாடெங்கும் நடந்த போராட்டத்தின் விளைவாக, 2019இல் மத்திய கல்வி நிறுவனங்கள் (ஆசிரியர் பணியில் இட ஒதுக்கீடு) சட்டம் வந்தது. போராடிப் பெற்ற சட்டம். அதன் 4ஆம் பிரிவு மட்டும், 'சிறப்புமிகு நிறுவனங்கள்' என்று ஓர் அட்டவணையை இணைத்து, அவற்றுக்கு இச்சட்டம் பொருந்தாது என்கிறது. ஹோமி பாபா தேசிய நிறுவனமும் அதன் உறுப்பு நிறுவனங்களும் அந்த அட்டவணையில் உள்ளன. அவற்றுள் ஒன்று டாடா நினைவு மையம். ஐ.ஐ.டி.க்கள் அட்டவணையில் இல்லை. ஆனால் 2020இல், இட ஒதுக்கீட்டைச் செவ்வனே நடைமுறைப்படுத்த வழி கூறுமாறு அமைக்கப்பட்ட குழு, ஐ.ஐ.டி.க்களையும் அட்டவணையில் சேர்க்கப் பரிந்துரைத்தது. வழி கேட்டால் விலக்குக் கேட்டார்கள்! (இட ஒதுக்கீட்டுப் பிரிவு மாணவர்களை ஆய்வுக்கு ஆயத்தப்படுத்த ஈராண்டு ஆய்வு உதவியாளர் பணி என்னும் நல்ல யோசனையும் அதே அறிக்கையில் இருந்தது. அது பேசப்படவே இல்லை.) ஆக, நெக்ஸ்கார்19ஐ உருவாக்கிய இரு நிறுவனங்களில் ஒன்று இச்சட்டத்துக்கு வெளியே நிற்கிறது, மற்றொன்றையும் வெளியேற்றுமாறு பரிந்துரை எழுதப்பட்டுள்ளது.

'தகுதி, திறமை' என்னும் பழைய பாட்டே இங்கும் காரணம். உயர் ஆராய்ச்சியில் சமரசம் கூடாதாம். ஆய்வகத்தில் தகுதி எவ்வாறு உருவாகிறது என்று அறிந்தவர்கள் இப்படிப் பேசத் தயங்குவார்கள்.

புற்றுநோய்க்கான நானோ மருத்துவத்தை எடுத்துக்கொள்வோம். மருந்தை மிக நுண்ணிய கொழுப்புக் குமிழிகளிலோ புரதத்திலோ பொதிந்து அனுப்பினால் கட்டியில் அது கூடுதலாகச் சேரும், உடலின் பிற பகுதிகள் தப்பும் என்பதே இதன் அடிப்படை. 1995இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டாக்சில், 2005இல் வந்த அப்ராக்சேன் இரண்டும் இவ்வழியில் வந்தவை. இத்துறையில் முனைவர் பட்டம் பெற விரும்பும் மாணவி துகளைத் தயாரிக்க வேண்டும். அதன் அளவை ஒளிச்சிதறல் கருவியில் காண வேண்டும். மின்னணு நுண்ணோக்கியில் படமெடுக்க நேரம் பெற வேண்டும். செல் வளர்ப்பு அறையில் இடம் வேண்டும். எலிகளில் சோதிக்க விலங்கு நெறிக்குழுவின் ஒப்புதல் வேண்டும். ஒவ்வொரு படியிலும் நெறியாளரின் கையொப்பம் நிற்கிறது. வேதிப்பொருள் வாங்கும் படிவம் மேசையில் ஒரு மாதம் கிடந்தால் போதும், ஒரு பருவம் வீணாகும். சாதிப் பெயரைச் சொல்லி வைய வேண்டிய தேவையே இல்லை. கருவி அறையின் சாவி 'இன்று இல்லை' என்றால் முடிந்தது. மூன்றாண்டுகள் கழித்து அவரிடம் கட்டுரைகள் இல்லை என்பது 'தகுதிக் குறைவு' என்று பதிவாகும்.

இது கற்பனை அன்று என்பதற்குக் கோட்டயம் சான்று. மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் நானோ அறிவியல் மையத்தில் ஆய்வு செய்த தலித் மாணவி தீபா பி. மோகனன், 2021 அக்டோபர் இறுதியில் பல்கலைக்கழக வாயிலில் உண்ணாநிலை தொடங்கினார். சாதியின் காரணமாக ஆய்வக வசதியும் அமர இடமும்கூடத் தமக்கு மறுக்கப்பட்டன என்பது அவர் குற்றச்சாட்டு. 2011இல் அங்கே சேர்ந்தவர் அவர். பத்தாண்டுகள் கடந்தும் முனைவர் பட்டம் கைக்கு வரவில்லை. மையத்தின் இயக்குநர் அப்பொறுப்பிலிருந்து விலக்கப்பட்ட பின்னரே, 11ஆம் நாள், போராட்டம் முடிந்தது. கேரளத்தில், அதுவும் நானோ அறிவியல் மையம் ஒன்றில், ஓர் இருக்கைக்காகவும் கருவிக்காகவும் ஒரு பெண் பட்டினி கிடக்க நேர்ந்ததை மாணவத் தோழர்கள் மறக்கலாகாது.

ஒடுக்கப்பட்டோர் புற்றுநோய் அறிவியலுக்குள் நுழையவே இல்லை என்றும் கூறிவிட முடியாது. உடலாக நுழைந்திருக்கிறார்கள். உலகின் புற்றுநோய் ஆய்வகங்கள் பலவற்றின் உறைகலன்களில் இருக்கும் ஹீலா செல்கள், 1951இல் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் 31 வயதில் இறந்த கறுப்பினப் பெண் ஹென்ரியெட்டா லாக்ஸின் செல்கள். அவரிடம் ஒப்புதல் கேட்கப்படவில்லை. அச்செல்களால் ஆதாயம் அடைந்த ஒரு நிறுவனம் அவர் குடும்பத்துடன் உடன்பாடு கண்டது 2023இல்தான்.

நம் நாட்டில் 2009இல், அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எதிரான ஹெச்.பி.வி. தடுப்பூசித் திட்டம் ஒன்று பழங்குடிச் சிறுமியர் பலரையும் உள்ளடக்கி நடந்தது. 2010இல் நிறுத்தப்பட்டது. பெற்றோர் ஒப்பமிட வேண்டிய படிவங்களில் 2,763இல் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்ததை நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் சுட்டிக்காட்டியது. தடுப்பூசியை நாம் குறை கூறவில்லை. நம் பெண் பிள்ளைகளுக்கு அது தேவை. அங்கே நிகழ்ந்த இறப்புகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றே அரசின் குழு கூறியது. நம் கேள்வி ஒப்புதலைப் பற்றியது. அந்தப் படிவத்தை வடிவமைத்த மேசையில், ஆசிரமப் பள்ளியில் படித்து வந்த ஓர் அறிவியலாளர் இருந்திருந்தால், பெற்றோர் வாரச் சந்தைக்கு வரும் நாளையாவது அவர் நினைவூட்டியிருப்பார்.

பணத்தின் கதையும் இதனோடு சேர்ந்ததே. உதவித்தொகை நிறுத்தப்பட்ட ஆய்வாளருக்கு என்ன நேரும் என்பதை ஹைதராபாதில் ரோகித் வெமுலாவின் 2016 சனவரி 17 நமக்குச் சொல்லிவிட்டது. 2025 சூலையில், வெளிநாட்டில் படிப்பதற்கான தேசிய உதவித்தொகைக்குத் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டுமே ஆணை தரப்பட்டது. மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்ப்போம் என்றனர். செப்டம்பரில் வகுப்புத் தொடங்கும் மாணவர் சூலையில் கேட்கும் விடை அது.

மாணவர்கள் உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஐ.ஐ.டி. முழுமைக்குமான கூட்டு எண்ணிக்கை உண்மையை மறைத்துவிடும். துறைவாரியாக, ஆண்டுவாரியாக, முனைவர் பட்டச் சேர்க்கையும் இடைவிலகலும் எவ்வளவு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நேரடி நேர்காணலில் எடுக்கப்படும் திட்டப்பணி ஆய்வாளர்களின் விவரத்தையும் தவறாமல் சேர்த்துக் கேளுங்கள். பலருக்கு முதல் கட்டுரை அந்தப் பணியிலிருந்துதான் கிடைக்கிறது. கண்காணிப்பு மிகக் குறைவாக இருப்பதும் அங்கேதான்.

அட்டவணையைப் பற்றி ஒரு செய்தி. அதைத் திருத்த நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. ஒன்றிய அரசு அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும் என்று அதே 4ஆம் பிரிவு கூறுகிறது. ஐ.ஐ.டி.க்களை உள்ளே சேர்ப்பதற்கும், டாடா நினைவு மையத்தை வெளியே எடுப்பதற்கும் தேவை அந்த ஓர் அறிவிக்கை மட்டுமே.