ஹர்கிலாவைக் காத்த பெண்கள்

காட்டு ஜீவன்களைக் காக்க வேண்டுமானால் பக்கத்தில் குடியிருக்கும் ஏழை ஜனங்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று உபதேசிக்கும் மேதாவிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் ஒருமுறை அசாம் ராஜ்யத்தின் காமரூப் ஜில்லாவுக்குப் போய் வரட்டும்.

அங்கே ஹர்கிலா என்றொரு பெரிய நாரை உண்டு. ஏறக்குறைய 5 அடி உயரம். எலும்பை விழுங்குவது என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். செத்த பிராணியைத் தின்னும், குப்பைமேட்டைக் கிளறும். கூடு கட்டுவதோ ஜனங்களின் கொல்லையிலுள்ள பெரிய மரங்களில்! கீழே எச்சமும் அழுகல் இரையுமாகக் கொட்டும். போதாததற்கு அபசகுனம் என்ற பேச்சு வேறு. மரத்தை வெட்டிப் போட்டார்கள். அவர்களை ஏச நாம் தயாரில்லை. நாற்றத்தைச் சகித்தவர்கள் அவர்கள்தானே?

2007-ல் அப்படி ஒரு மரம் வெட்டப்பட்டுக் குஞ்சுகள் விழுந்து கிடந்ததைப் பூர்ணிமா தேவி பர்மன் என்ற ஆராய்ச்சி மாணவி கண்டார். விவசாயியான பாட்டியிடம் வளர்ந்தவர். வயல்வெளியில் பறவைகளைக் காட்டிக் கொடுத்தவரும் அந்தப் பாட்டிதான். ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டதற்கு ஊரார் சூழ்ந்துகொண்டு விசிலடித்தார்கள். அவர் கோபித்துக்கொண்டு பட்டணம் போய்விடவில்லை. டாக்டர் பட்ட ஆராய்ச்சியை ஒத்திப்போட்டு (அதை முடித்தது 2019-ல்!) அந்த ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்தார். நம் வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு நடத்துகிற மாதிரி பறவைக்கும் சடங்கு நடத்தினார்கள். சிரிப்பு வரலாம். ஆனால் அபசகுனம் என்ற சொல் அந்தச் சடங்கில்தான் செத்தது. தறியும் நூலும் கிடைத்தன. ஹர்கிலா உருவம் போட்ட சேலைகளை நெய்து விற்றார்கள். தறி ஒரு குடும்பத்துக்கு என்ன என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தாதரா, பசாரியா, சிங்கிமாரி ஆகிய மூன்று கிராமங்களில் 28 ஆக இருந்த கூடுகள் 250-க்கு மேல் பெருகின. 'ஹர்கிலா சேனை'யில் 10,000-க்கு மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். 2022-ல் ஐக்கிய நாடுகள் சபையின் பரிசு பர்மனுக்குக் கிடைத்தது. 2023-ல் அழியும் ஆபத்திலுள்ள இனம் என்ற பட்டியலிலிருந்தே இந்தப் பறவை இரண்டு படி மீண்டது.

கோபிக்கு வடக்கே தெரியும் மலைகளுக்கு வருவோம். சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் ஏற்பட்டது 2013-ல். 2011-ல் 25 ஆக இருந்த புலிகள் 80 ஆயின என்று 2022-ல் சர்வதேசப் பரிசு வந்தது. சந்தோஷம்தான். ஆனால் ராகிக்காட்டில் பரண் கட்டி, விடிய விடிய யானை விரட்டுகிறவனுக்கு அந்தப் பரிசில் என்ன பங்கு? அடுத்த நாள் கூலிக்கும் அவன்தானே போக வேண்டும்?

2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம், காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் கொடுத்திருக்கிறது. சோளகர், ஊராளி மக்களின் மனுக்களைத் தீர விசாரித்துப் பட்டா கொடுக்கட்டும். யானை மிதித்த பயிருக்கு நஷ்டஈட்டை அடுத்த விதைப்புக்கு முன்பே கையில் கொடுக்கட்டும். காட்டிலாகா கூட்டும் கூட்டங்களில் பெண்களை முன்வரிசையில் உட்காரவைத்து, முதலில் அவர்களைப் பேச விடட்டும்.